பிள்ளையை மனநல ஆய்வில சேர்க்கக் கேட்டா, கையெழுத்து வைக்க முதல் என்ன செய்யோணும்

பள்ளிக்கூடத்தால பிள்ளை ஒரு கடிதத்தோட வரும், இல்லாட்டி கிளினிக்கில டொக்டரைப் பாத்திட்டு வெளிய வரேக்க பைல் ஒண்டைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு ஒரு தங்கச்சி வந்து, "அம்மா, ஒரு அஞ்சு நிமிசம் கதைக்கலாமோ" எண்டு கேப்பா. பிள்ளையின்ர மனநிலை சம்பந்தமா ஒரு ஆய்வு, சேருறியளோ எண்டு. எங்கட ஆக்கள் கனபேர் அதிலயே பேனையை வாங்கிக் கையெழுத்தை வைச்சிட்டு பஸ்ஸுக்கு ஓடுறது. நான் கொஞ்சக் காலம் அந்தப் பைலோட வீடு வீடாத் திரிஞ்ச ஆள், அதால மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குது எண்டும் தெரியும், இந்தப் பக்கம் எதைக் கேக்காமல் விடுகினம் எண்டும் தெரியும். அதைத்தான் எழுதுறன்.

ஆய்வே கூடாது எண்டு சொல்லிற ஆள் இல்லை நான். பெரிய ஆக்களில பாத்த மருந்தை அளவைக் குறைச்சுப் பிள்ளையளுக்குக் குடுக்கிறதுதான் கனகாலம் நடந்தது. 2004ல அமெரிக்காவில, மனச்சோர்வுக்குக் குடுக்கிற குளிசையளில "பிள்ளையளுக்கும் பதின்ம வயசுக்காரருக்கும் தற்கொலை எண்ணம் கூடலாம்" எண்டு கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அடிக்கச் சொன்னவை, அது பிள்ளையள் பங்குபற்றின ட்ரையல்களை (மருந்து வேலை செய்யுதோ எண்டு பாக்கிற ஆய்வுகளை) ஒண்டாச் சேர்த்துப் பாத்த பிறகுதான் தெரிய வந்தது. ஆய்வு நடக்காட்டி அதுவும் தெரிஞ்சிராது. ஆனா மற்றப் பக்கமும் இருக்கு. நியூயோர்க்கில வில்லோபுறூக் எண்டு மனவளர்ச்சி குறைஞ்ச பிள்ளையளின்ர அரசாங்க இல்லம், அங்க 1950களில தொடங்கி 1970 மட்டும் பிள்ளையளுக்கு வேணுமெண்டே ஈரல் அழற்சி வைரசைக் குடுத்து ஆய்வு செய்தவை. தாய் தேப்பன் கையெழுத்து வைச்சுத்தான் நடந்தது. ஆனா ஒரு கட்டத்தில இல்லத்தில வேற இடமெல்லாம் நிரம்பி ஆய்வு வாட்டுக்குள்ள மட்டும்தான் இடம் இருந்தது, வீட்டில வைச்சுப் பாக்க ஏலாமல் பிள்ளையோட வந்து நிக்கிற தாயிட்ட "உங்களுக்கு விருப்பமோ" எண்டு கேட்டா அவ என்னத்தைச் சொல்லுவா?

சரி, முதல் சட்டக் கதையை முடிச்சிடுவம். இலங்கையில 18 வயசுக்குக் கீழ எண்டா மைனர் (1989ல மாத்த முதல் 21). அதால தாய் தேப்பன் இல்லாட்டி சட்டப்படியான பாதுகாவலர்தான் ஒப்பம் வைக்கோணும். ஆனா அதோட வேலை முடியேல்ல. உலக மருத்துவச் சங்கம் 1964ல கொண்டுவந்து பிறகு பல தரம் திருத்தின ஹெல்சிங்கி பிரகடனத்தில தெளிவாவே இருக்கு, பிள்ளைக்குத் தன்ர இணக்கத்தைச் சொல்லுற பக்குவம் இருந்தா பெற்றோரின்ர சம்மதத்துக்கு மேலால பிள்ளையிட்டயும் கேக்கோணும், பிள்ளை மறுத்தா அதை மதிக்கோணும் எண்டு. இலங்கை 1991ல ஏற்றுக்கொண்ட ஐநா சிறுவர் உரிமைச் சாசனத்தின்ர 12ஆம் பிரிவும் பிள்ளையைப் பாதிக்கிற விசயத்தில பிள்ளையின்ர கதையைக் கேக்கச் சொல்லுது. அப்ப ரெண்டு பேர், ரெண்டு சம்மதம். ஒண்டு மட்டும் கேட்டுக்கொண்டு வந்தா, மற்றது எங்க எண்டு கேளுங்கோ.

இனி முக்கியமான இடம். பிள்ளைக்கு விளங்கி முடிவெடுக்க ஏலுமோ எண்டு என்னெண்டு பாக்கிறது?

வயசை வைச்சு மட்டும் சொல்ல ஏலாது. 1982ல அமெரிக்காவில செய்த ஒரு ஆய்வில, சிகிச்சை சம்பந்தமாக் கற்பனைக் கதையளைச் சொல்லி முடிவு கேட்டவை, 14 வயசுப் பிள்ளையள் பெரிய ஆக்களைப் போலவே யோசிச்சிருக்கினம், 9 வயசுக்காரர் காரணம் சொல்லுறதில பின்னுக்கு நிண்டவை, ஆனா அவையும் எடுத்த முடிவு பெரும்பாலும் நியாயமானதுதான். 2014ல நெதர்லாந்தில உண்மையான ஆய்வுகளுக்குக் கேக்கப்பட்ட 6 முதல் 18 வயசு மட்டும் 161 பிள்ளையளைப் பாத்தவை, கிட்டத்தட்ட 11 வயசு தாண்டினாப் பிறகு கனபேருக்கு முடிவெடுக்கிற திறன் இருக்கு, ஒன்பதரைக்குக் கீழ பெரும்பாலும் இல்லை எண்டு வந்தது. ஆனா இது ரெண்டும் மனநல வருத்தத்துக்கு வாறவையை மட்டும் வைச்சுப் பாத்த கணக்கில்லை. எங்கட விசயத்தில இன்னும் ஒண்டு கூடுது, வருத்தமே யோசிக்கிற இடத்திலதான் கை வைக்குது.

இந்தத் துறையில இருக்கிற ஆக்கள் நாலு விசயத்தைப் பாப்பினம், சொன்னது விளங்குதோ, அது தனக்குத்தான் நடக்கப்போகுது எண்டு உறைக்குதோ, சேர்ந்தா என்ன சேராட்டி என்ன எண்டு வைச்சு யோசிக்க ஏலுதோ, ஒரு முடிவைச் சொல்லி அதில நிக்க ஏலுதோ. இதுக்கெண்டு கேள்விக்கொத்தே இருக்கு, ஆனா நீங்கள் வீட்டில பாக்கிறதுக்கு அதெல்லாம் தேவையில்லை. தகவல் தாளை வீட்ட கொண்டுபோங்கோ. பிள்ளை சாப்பிட்டு ஆறுதலா இருக்கேக்க வாசிச்சுச் சொல்லுங்கோ. அடுத்த நாள், "அப்பன், இவை என்ன செய்யப் போகினம் எண்டு அம்மம்மாவுக்கு ஒருக்காச் சொல்லு பாப்பம்" எண்டு கேளுங்கோ. அம்மம்மாவுக்கு இதைப்பற்றி ஒண்டும் தெரியாது எண்டு பிள்ளைக்குத் தெரியும், அதால பாடமாக்கி ஒப்புவிக்காமல் தன்ர கதையில சொல்லும். "விளங்கினதோ" எண்டு மட்டும் கேக்காதேங்கோ, எங்கட பிள்ளையள் அதுக்கு ஓம் எண்டு சொல்லத்தான் பழகியிருக்குதுகள், ரியூசனில தினம் அதுதானே நடக்குது.

பிறகு மற்ற மூண்டும். "இதில சேர்ந்தா உனக்கு என்ன மாறும்?" "சேராட்டி என்ன நடக்கும், டொக்டர் உன்னைப் பாக்கமாட்டாரோ?" (பாக்கமாட்டார் எண்டு பிள்ளை நினைச்சுக்கொண்டிருந்தா அந்த ஓம் செல்லாது, முதல் அதைத் திருத்துங்கோ.) "நடுவில விருப்பமில்லை எண்டா என்ன சொல்லுவாய், ஆரிட்டச் சொல்லுவாய்?" ரெண்டு நாள் விட்டுத் திரும்பக் கேளுங்கோ, ஒரே முடிவோ எண்டு பாக்க.

வருத்தத்துக்கு வருத்தம் இது வேற வேற மாதிரித் தட்டுப்படும். மனச்சோர்வில இருக்கிற பதினைஞ்சு வயசுப் பிள்ளை எல்லாத்தையும் வடிவா விளங்கிச் சொல்லும், வகுப்பில முதலாம் பிள்ளையா இருக்கும், ஆனா "பக்கவிளைவு வரலாமாம், பயமில்லையோ" எண்டு கேட்டா "எனக்கு என்ன வந்தாத்தான் என்ன" எண்டும். அந்தப் பிள்ளைக்கு விளக்கம் இருக்கு, தன்னில அக்கறைதான் இல்லை. அப்பிடியான ஓமை வைச்சுக்கொண்டு அவசரப்படக்கூடாது, கொஞ்சம் தேறட்டும். பதட்டம் கூடின பிள்ளைக்கு இல்லை எண்டு சொல்ல வாய் வராது, அதுக்கு எழுதிக் காட்டவோ உங்களிட்ட மட்டும் சொல்லவோ வழி வைச்சுக் குடுங்கோ. கவனக்குறைவு உள்ள பிள்ளைக்கு அஞ்சு பக்கத்தை ஒரே இருப்பில வாசிச்சா முதல் பக்கம் போயிடும், துண்டு துண்டாச் சொல்லோணும், கதைச்சுக்கொண்டு நடந்தாலும் பரவாயில்லை. ஓட்டிசம் உள்ள சில பிள்ளையள் எதுக்கும் ஓம் எண்டு சொல்லுங்கள், அதால "வாறியோ" எண்டு கேக்காமல் "ஊசி குத்துறது இருக்கு, இல்லாததும் இருக்கு, எது?" எண்டு ரெண்டில ஒண்டாக் கேட்டுப் பாருங்கோ, படம் கீறிக் காட்டுங்கோ. ஆரோ தன்னைக் கண்காணிக்கினம் எண்டு நம்பிக்கொண்டிருக்கிற பிள்ளை, இந்த ஆய்வுக்காரரும் அவைதான் எண்டு நினைக்கிற நிலையில இருந்தா, அண்டைக்கு ஓமும் வேண்டாம் இல்லையும் வேண்டாம், கடிதத்தைத் திருப்பி அனுப்பி ஒரு மாசம் கழிச்சு வரச் சொல்லுங்கோ. திறன் கூடிக் குறையும், இந்த மாசம் இல்லாதது அடுத்த மாசம் வரும், ஒரு சின்ன விசயத்துக்கு இருக்கிறது பெரிய விசயத்துக்கு இருக்காது. 25 கேள்விப் பத்திரம் நிரப்புறதுக்கு வேணுமான விளக்கம் வேற, மருந்து மாத்திப் பாக்கிறதுக்கு வேணுமானது வேற.

ஒருக்கா ஒரு தோட்டக்காரர் வீட்டு விறாந்தை, வெங்காயம் பரவிக் கிடக்கு, தேப்பன் தாளை நுள்ளிக்கொண்டு ஓம் ஓம் எண்டு தலையாட்டுறார், நான் வாசிக்கிறன், பதின்மூண்டு வயசு மகன் தூணோட சாய்ஞ்சுகொண்டு நிக்கிறான். பிள்ளையளை ரெண்டு கூட்டமாப் பிரிச்சு ஒரு கூட்டத்துக்கு இப்பவும் மற்றக் கூட்டத்துக்குப் பிறகும் வகுப்பு நடத்திற ஆய்வு அது. வாசிச்சு முடிய அவன் கேட்டான், "மிஸ், நான் எந்தக் கூட்டம் எண்டு கேள்வி கேக்க வாற ஆளுக்குத் தெரியாதெண்டா, நான் வாய்தவறிச் சொல்லிப்போட்டா என்ன செய்வியள்?" தேப்பன், "டேய், பெரிய ஆக்களிட்ட அப்பிடிக் கேக்கக்கூடாது" எண்டார். அந்த வயசில அந்தக் கேள்வி கேக்கிற பிள்ளையிட்ட "அப்பா சொல்லிப்போட்டார் தானே" எண்டு போமை நீட்டுறது மரியாதையில்லாத வேலை.

இனிப் பெற்றோர். இதைப்பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்லை, கையெழுத்து வைக்கிறவருக்கு எல்லாம் விளங்கும் எண்டு ஒரு நினைப்பு. பிள்ளைக்கு என்ன வருத்தம் எண்டு அண்டைக்குத்தான் டொக்டர் சொல்லியிருப்பார், தாய் மூண்டு நாள் நித்திரை இல்லை, தேப்பன் வெளிநாட்டில, வீட்டில மாமி "பிள்ளையில பேய் பிடிச்சிட்டுது" எண்டு ஒரு பக்கம். அந்த நேரம் அவவுக்கு முன்னால பத்துப் பக்கம் வைச்சா எழுத்துத் தெரியும், பொருள் ஏறாது. அதால உங்களுக்கும் அதே நாலு கேள்விதான். பிள்ளைக்குச் சொல்ல முதல் உங்கட தங்கச்சிக்கோ பக்கத்து வீட்டு ரீச்சருக்கோ ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ. சொல்ல வராட்டி உங்களுக்கு விளங்கேல்ல, வெக்கப்பட ஒண்டுமில்லை, அவை எழுதினது அப்பிடி. வாசிக்கிறது கஷ்டமெண்டா வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ, ஆய்வோட தொடர்பில்லாத ஒரு ஆள் சாட்சியா இருக்கோணும் எண்டு கேளுங்கோ.

தாய்க்கே மனநல வருத்தம் இருந்தா? கனபேர் நினைக்கிறது, அப்ப அவவால ஒப்பம் வைக்க ஏலாது எண்டு. பிழை. வருத்தத்தின்ர பேரை வைச்சு ஆரையும் தள்ள ஏலாது, இந்த முடிவை இண்டைக்கு எடுக்க ஏலுமோ எண்டதுதான் கேள்வி. ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்ப் பிள்ளையைப் படிப்பிக்கிற தாய்மார் எங்கட ஊரில இருக்கினம், அவை தங்கட பிள்ளையின்ர விசயத்தை ஆரையும் விட வடிவா யோசிப்பினம். அதே மாதிரி ஒரு வருத்தமும் இல்லாத தேப்பன் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஒண்டையும் யோசிக்கிற நிலையில இருக்கமாட்டார், அவருக்குக் காலமை வரச் சொல்லுங்கோ.

அம்மம்மா வளக்கிற பிள்ளையெண்டா இன்னொரு சிக்கல். வளக்கிறதால மட்டும் சட்டப்படி பாதுகாவலர் ஆகிறேல்ல, தாய் தேப்பன் வெளிநாட்டில எண்டா வீடியோ கோலில அவையளுக்கும் விளங்கப்படுத்திச் சம்மதம் எடுக்கச் சொல்லுங்கோ. தேப்பன் காணாமல் போன வீடுகளில, ரெண்டு பேரின்ர கையெழுத்தும் கேட்டுப் போம் வந்தா அந்தத் தாய் திரும்ப ஒருக்கா எல்லாத்தையும் சொல்லி அழவேண்டி வருது. அமெரிக்காச் சட்டத்தில, பிள்ளைக்கு நேரடி நன்மை இல்லாத, சாதாரணத்துக்கு மேல ஆபத்துள்ள ஆய்வுக்கு ரெண்டு பேரும் வேணும், ஆனா மற்றவர் இறந்திட்டா, எங்க எண்டு தெரியாட்டி ஒருத்தர் போதும் எண்டு அதிலயே எழுதிக்கிடக்கு. இஞ்ச வாற ஆய்வுக்காரரும் அதை முதலே யோசிச்சு வந்திருக்கோணும், இல்லாட்டி நீங்கள் சொல்லுங்கோ. சிறுவர் இல்லத்தில இருக்கிற பிள்ளையெண்டா இல்லப் பொறுப்பாளரின்ர கையெழுத்தோட நிக்காதேங்கோ, நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்துக்குத் தெரியுமோ எண்டு கேளுங்கோ.

அடுத்தது எல்லாரையும் பிடிக்கிற ஒரு மயக்கம். எங்களைப் பாக்கிற டொக்டரே கேக்கிறார், அப்ப பிள்ளைக்கு நல்லதாத்தானே இருக்கும். சிகிச்சையில டொக்டர் உங்கட பிள்ளைக்கு எது பொருந்தும் எண்டு பாப்பார். ஆய்வில காசு சுண்டிப் பாக்கிற மாதிரித்தான், உங்கட பிள்ளைக்கு மருந்து விழலாம், மருந்தே இல்லாத வெறுங்குளிசை விழலாம், எது எண்டு அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். அமெரிக்காவில 12 முதல் 17 வயசு மட்டும் 439 பிள்ளையளோட செய்த மனச்சோர்வு ட்ரையல் ஒண்டு 2004ல வந்தது, அதில ஒரு பங்குக்கு வெறுங்குளிசைதான். பிழையான வேலையெண்டு சொல்ல ஏலாது, அப்பிடிப் பாத்தாத்தான் மருந்து வேலை செய்யுதோ எண்டு தெரியும். ஆனா உங்கட பிள்ளை எந்தப் பக்கமும் போகலாம் எண்டு தெரிஞ்சு ஒப்பம் வையுங்கோ. உங்கட டொக்டரே ஆய்வுக்காரரும் எண்டா, சம்மதத்தை வேற ஆள் வந்து எடுக்கட்டும் எண்டு கேக்கலாம், கேட்டா ஒருத்தரும் கோவிக்கக்கூடாது.

மருந்து இல்லை, விளையாட்டும் கதையும்தான் எண்டாலும் "அப்ப என்ன ஆபத்து" எண்டு விட்டிடாதேங்கோ. எங்கட வடக்கிலயே 9 முதல் 12 வயசு மட்டும் 399 பிள்ளையளோட பள்ளிக்கூடங்களில செய்த ஒரு நிகழ்ச்சியின்ர முடிவு 2012ல வந்தது, யுத்தத்தால பாதிச்ச பிள்ளையளுக்கு அஞ்சு கிழமையில பதினைஞ்சு அமர்வு. பெடியளுக்குச் சில விசயத்தில நல்லம் வந்தது. ஆனா நிகழ்ச்சிக்குப் போகாமல் காத்திருந்த கூட்டத்தில இருந்த பெட்டையளை விட, நிகழ்ச்சிக்குப் போன பெட்டையளுக்கு யுத்த அதிர்ச்சியின்ர அறிகுறி குறைஞ்சது கொஞ்சம்தான். நல்ல எண்ணத்தில, கவனமாச் செய்த வேலை அது, முடிவை மறைக்காமல் எழுதினதுக்கு நான் மரியாதை குடுப்பன். அதால "இதால பிள்ளைக்கு என்ன கெடுதல் வரலாம்" எண்டு நேராக் கேளுங்கோ, "ஒண்டும் வராது" எண்டு மறுமொழி வந்தா அந்த ஆள் யோசிக்கேல்ல எண்டு அர்த்தம். செத்த ஆக்களைப் பற்றி, இடம்பெயர்ந்ததைப் பற்றிக் கேக்கிற ஆய்வெண்டா, பிள்ளை அண்டைக்கு இரவு அழுதா ஆருக்குப் போன் எடுக்கிறது எண்டு பேரும் நம்பரும் வாங்கி வையுங்கோ.

ரகசியம் பற்றி ரெண்டு பக்கமும் கேக்கோணும். பிள்ளை சொல்லுறதை உங்களுக்குக் காட்டமாட்டினம், அது பிள்ளைக்கு முதலே தெரியோணும், உங்களுக்கும் தெரியோணும், பேந்து "என்ன எழுதினவள்" எண்டு கேட்டு நிக்கக்கூடாது. ஆனா பிள்ளை தன்னைக் காயப்படுத்துது, இல்லாட்டி ஆரோ பிள்ளையைத் துன்புறுத்தினம் எண்டு வந்தா அவை பேசாமல் இருக்க ஏலாது, அந்த எல்லை எங்க எண்டு தகவல் தாளில இருக்கோணும். (துன்புறுத்தல் எண்டா நீங்களே 1929க்கு எடுக்கலாம், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ர நம்பர்.) கேள்வி கேக்கிற இடம் மாமி சித்தி எல்லாம் இருக்கிற ஹோல் எண்டா அங்க வைச்சு ஒரு பிள்ளையும் உண்மை சொல்லாது, தனி இடம் கேளுங்கோ, ஆனா கதவு திறந்து, நீங்கள் பாக்கக்கூடிய தூரத்தில.

மற்றதுகளைக் கெதியாச் சொல்லுறன். எதிக்ஸ் கொமிட்டியின்ர (ஆய்வு நியாயமான முறையில நடக்குமோ எண்டு பாக்கிற குழுவின்ர) அனுமதிக் கடிதம் கேளுங்கோ, யாழ் மருத்துவ பீடத்திலயும் அப்பிடி ஒரு கொமிட்டி இருக்கு, எந்தக் கொமிட்டி குடுத்தாலும் இலக்கமும் தொடர்பும் தாளில இருக்கும். மருந்து ட்ரையல் எண்டா 2006ல தொடங்கின இலங்கைக் கிளினிக்கல் ட்ரையல் பதிவேட்டில போட்டிருக்கோ எண்டு பாருங்கோ, இணையத்தில ஆரும் பாக்கலாம். ரத்தமோ எச்சிலோ எடுத்தா எங்க போகுது, வெளிநாட்டுக்கோ, வேற ஆய்வுக்கும் பாவிப்பினமோ எண்டு கேட்டுத் தனியாச் சம்மதம் குடுங்கோ. பஸ் காசு, சாப்பாட்டுக் காசு தாறது சரி, ஆனா அந்தக் காசு இல்லாட்டி சேரமாட்டன் எண்டு உங்கட மனசு சொல்லுற அளவுக்கு இருந்தா கொஞ்சம் நிண்டு யோசியுங்கோ. போமின்ர கொப்பி ஒண்டு உங்கட கையில இருக்கோணும்.

பள்ளிக்கூடத்தால வாற கடிதத்தில ஒரு வரி இருக்கும், "மறுப்பு இல்லாவிடின் சம்மதமாகக் கருதப்படும்" எண்டு. அந்தக் கடிதம் புத்தகப் பையின்ர அடியில சோத்துப் பெட்டியோட நசிஞ்சு கிடந்து ரெண்டு கிழமை கழிச்சு வெளிய வரும். எனக்கு இந்த முறையில துளியும் விருப்பமில்லை, அதுவும் மனநலக் கேள்வியளுக்கு. வேண்டாம் எண்டா அதிபருக்கு ரெண்டு வரி எழுதிக் குடுங்கோ, திகதி போட்டு. அதிபரே வகுப்பில நிண்டு "எல்லாரும் சேருவியள் தானே" எண்டு கேட்டா ஒரு பிள்ளையும் இல்லை சொல்லாது, அதை ஆய்வுக்காரருக்குச் சொல்லுங்கோ, உண்மையான ஆள் எண்டா அவருக்கே அது தலையிடி.

பிள்ளை இல்லை சொல்லுறது எப்பவும் வாயால வராது. எட்டு வயசுப் பிள்ளை போமின்ர மூலையை மடிச்சு மடிச்சு அம்மாவின்ர முகத்தைப் பாக்கும், கிளினிக் நாளண்டு வயித்துக்குத்து வரும், கேள்விக்கு எல்லாம் "தெரியா" எண்டும். அதை இல்லை எண்டே எடுங்கோ. உங்களுக்கு ஓம், பிள்ளைக்கு இல்லை எண்டா, வேற எங்கயும் கிடைக்காத சிகிச்சை அந்த ஆய்வில மட்டும் இருக்கிற நிலைமையைத் தவிர, இல்லைதான் நிக்கோணும். அப்பிடி ஒரு நிலைமை வந்தாலும் தனிய முடிவெடுக்காமல் ஆய்வில இல்லாத இன்னொரு டொக்டரிட்டக் கேளுங்கோ. மறுபக்கம், பிள்ளைக்கு ஓம் உங்களுக்கு இல்லை எண்டா, ஏன் இல்லை எண்டு பிள்ளைக்குச் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இருக்கு.

சேர்ந்தாப் பிறகும் எந்த நேரமும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, சிகிச்சை அதுக்காக நிக்கக்கூடாது. மருந்து ட்ரையல் எண்டா மட்டும் குளிசையை நீங்களே சட்டெண்டு நிப்பாட்டாதேங்கோ, விலகிறம் எண்டு சொல்லி எப்பிடிக் குறைக்கிறது எண்டு கேட்டுச் செய்யுங்கோ. குடுத்த தகவலை அழிக்க ஏலுமோ, எந்தத் திகதிக்குப் பிறகு ஏலாது எண்டும் அப்பவே கேளுங்கோ. ஆய்வு கன வருசம் இழுபட்டுப் பிள்ளைக்கு 18 ஆனா உங்கட கையெழுத்து காணாது, அவை பிள்ளையிட்டத் திரும்பப் புதுசாக் கேக்கோணும். கேக்காமல் அடுத்த அப்பொயின்மென்ற் திகதியை உங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னா, போனைப் பிள்ளையிட்டக் குடுங்கோ.